மக்கள்தொகைக் கணக்கில் வராத பச்சைக் கோட்டுக்காரி

பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் கோல்டர்ஸ்வில் என்ற ஊரில் எல்வுட் கிஷ்பா என்று ஒரு தபால்காரர் இருக்கிறார். சரித்திரம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அதற்காக அவர் சரித்திரத்தின் மேல் வருத்தப்பட்டதும் இல்லை. வயது அறுபத்தொன்று. மேட்டுத்தெரு தாண்டி மலைக்குப் போகும் தடத்தில் முப்பத்திரண்டு வருஷமாகத் தபால் கொடுக்கிறார். எந்த வீட்டு நாய் எந்தக் காலைப் பிடிக்கும் என்பதை உறக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். அவருடைய வெளியுலக வாழ்க்கை இவ்வளவுதான்.

மெய்யான உத்தியோகம் தீயணைப்பு நிலையத்தின் நிலவறையில் இருந்தது. பதினான்கு செங்குத்துப் படிகள் இறங்கிப்போனால், நாற்பதடி நீளத்துக்கும் பதினெட்டடி அகலத்துக்கும், இடுப்புயர மேசைமேல் அதே கோல்டர்ஸ்வில் எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருங்கிக் கிடக்கும். நடுவே ரயில் ஓடும். ரயில் விடுவது மாதிரி ரயில் சங்கத்தின் மற்ற ஐந்து உறுப்பினர்களின் வேலை. எல்வுட் இயற்கைக் காட்சித் துறைத் தலைவர். மலை, ஆறு, மரம், புல், பாறை, சேறு ஆகிய இலாகாக்கள் முழுவதும் அவர் வசம். படைத்தலும் காத்தலும் பத்தொன்பது வருஷமாக அவர் ஒருவரே பார்த்துவந்தார். மூன்றாவது தொழிலைச் சங்கத் தலைவர் கையில் எடுத்துக்கொண்டதைப் பற்றித்தான் இந்தக் கதை.

அந்தச் சின்ன ஊரில் எப்போதும் 1953 அக்டோபர் 17, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு பத்து. சங்கத்தின் நான்காம் விதி அப்படி. அந்த நிமிஷத்துக்குப் பிறகு பிறந்த மனிதருக்கோ மாட்டுக்கோ மின்கம்பத்துக்கோ அங்கே இடம் கிடையாது. தலைவர் கிளிஃபர்ட் அம்ஹோல்ட்ஸ், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், எழுபத்தொரு வயது பிரம்மச்சாரி, கையில் பூதக்கண்ணாடியோடு இந்த விதியைக் காவல் காத்தார். ஒருமுறை முடிதிருத்துபவரான ஸ்டஷ் லபின்ஸ்கி ஆசையாக ஒரு குட்டி லாரியை வாங்கி வந்து கடைத்தெருவில் நிறுத்தினார். அதன் பின்விளக்கு நாலு வருஷம் கழித்து வந்த மாதிரி என்று தலைவர் கண்டுபிடித்துவிட்டார்.

"சும்மா வழி தப்பி வந்திடுச்சுன்னு வெச்சுக்கலாமே, தலைவரே," என்றார் ஸ்டஷ்.

"நாலு வருஷமா வழி தப்பும்?"

லாரி நாடு கடத்தப்பட்டது. இரண்டு பக்க அறிக்கை சுவரில் ஒட்டப்பட்டது. இன்றும் ஒட்டியிருக்கிறது.

எல்வுட் உலகத்தைப் படைக்கும் முறை எளிமையானது. கோழிவலையைக் கசக்கி மேடுபள்ளமாக வளைப்பார். எலும்பு முறிந்தவர்களுக்குப் போடுகிற மாவுக்கட்டுத் துணியை நனைத்து அதன்மேல் போர்த்துவார். காய்ந்ததும் அது மலை. மண்ணை மலைத்தடத்திலிருந்தே அள்ளி வருவார். ஆனால் அப்படியே போட்டுவிட முடியாது. நூறு வருஷம் இரும்பு உருக்கிய ஊர், மண்ணெல்லாம் இரும்புத்தூள். ரயிலின் மோட்டார் காந்தம் அதை உறிஞ்சிக்கொண்டு திக்குமுக்காடும். ஆகவே சலித்த மண்ணின் மேல் காந்தத்தை ஓட்டி, இரும்பைப் பிரித்து, அப்புறம்தான் தெளிப்பார். தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் பரப்பி, பசையில் தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து, சொட்டுக்குழாயால் விடுவார். சோப்பில்லாவிட்டால் பசை மேலேயே முத்து முத்தாக நிற்கும், இறங்காது. மரத்துக்குச் சாலையோரத்தில் ஆகஸ்டு மாதம் பூத்துக் காயும் மஞ்சள் காட்டுச்செடி. அதன் கொண்டையை ஒடித்து, முடிக்கு அடிக்கிற ஸ்பிரேயை அடித்து, நிறம் போட்ட தூளில் புரட்டினால் அக்டோபர் மேப்பிள் மரம். இப்படி நாலாயிரம் மரங்கள்.

படைப்பதைக் காட்டிலும் காப்பதில்தான் எல்வுட்டின் ஆயுள் கழிந்தது. காரணம் மேலே நடக்கும் பிங்கோ என்ற எண்ணட்டை விளையாட்டு. வியாழக்கிழமை தோறும் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் இருநூறு பேர் பிங்கோ ஆடுவார்கள். ஜெயித்தவர் குதிப்பார். குதித்தால் நிலவறைக் கூரையிலிருந்து வெள்ளையாகப் பொடி உதிரும். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், 1953 அக்டோபரில் கோல்டர்ஸ்வில்லில் பனி பெய்திருக்கும். அன்று பனி பெய்யவில்லை என்பதற்குத் தலைவரிடம் வானிலைச் சான்றிதழ் இருந்தது.

ஆகவே மாதம் ஒருமுறை எல்வுட் தூசி உறிஞ்சும் இயந்திரத்தோடு இறங்குவார். அதன் வாயில் மனைவி டார்லாவின் பழைய நைலான் காலுறையை இழுத்து மாட்டி ரப்பர் வளையம் போடுவார். இதுதான் இந்தக் கலையின் ரகசியம். காலுறை வழியாகத் தூசி போகும், மனிதர் போகமுடியாது. பசை விட்டுப்போன குடிமகன் எவனாவது பறந்து வந்தாலும் காலுறையில் ஒட்டிக்கொண்டு கைகாலை விரித்துத் தொங்குவான். எல்வுட் சிறு இடுக்கியால் அவனை எடுத்து, காலடியில் ஒரு துளி பசை வைத்து, பழைய இடத்திலேயே நிறுத்திவிடுவார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஆளும் காணாமல் போனதில்லை.

குடிமக்கள் மொத்தம் இருநூற்றுப் பதினொருவர். நீலநிற நோட்டில் எண், தொழில், உடையின் நிறம் என்று எல்வுட் கணக்கெழுதி வைத்திருந்தார். எண்பத்தெட்டாவது ஆள் மலைத்தடத்துத் தபால்காரர், மீசையுடன். அது யார் என்று எல்லோருக்கும் தெரியும்; யாரும் சொல்வதில்லை.

உண்மையில் இருந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அந்த ஒன்று எல்வுட்டின் ரகசியம்.

அது நடந்த விதம் இது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் மேசை முடிந்த புதிதில் டார்லாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். நுணுக்கமான வேலையை மதிக்கத் தெரிந்தவள். எல்லாவற்றையும் குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"நம்ம வீடு எங்க?"

அவர்கள் வீடு 1961இல் கட்டியது. அது நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. எல்வுட் நான்காம் விதியை விளக்கினார்.

"எனக்கு வீடே இல்லாத ஊருக்கு நான் எதுக்கு வரணும்? உன் மாட்டுக்கிட்ட சொல்லு, என் சமையலறையில சாணி போட வேண்டாம்னு," என்று சொல்லிவிட்டுப் படியேறியவள், பிறகு இறங்கவே இல்லை.

அடுத்த வாரம் எல்வுட் தம் வாழ்நாளின் ஒரே சட்டமீறலைச் செய்தார். ஒரு பயணி பொம்மையை எடுத்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் அதற்குப் பச்சைக் கோட்டு எழுதினார். கடுகு நிறத்தில் காலர். கையில் பேக்கரிப் பெட்டி. காலில் வெள்ளை ஓட்டப்பந்தய ஷூ. 1984ஆம் வருஷம் பழைய ரயில் நிலையத்துக்கு முன்னால் இருந்த பேருந்து நிறுத்தத்தில், புதுத் தபால்காரரான அவரிடம் மணி கேட்ட டார்லா அப்படித்தான் நின்றாள். அவளை ரயில் மேடையின் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நோட்டில் எழுதவில்லை. தலைவருக்குத் தெரிந்தால் நாடு கடத்துவார். டார்லாவுக்குத் தெரிந்தால் அதைவிட மோசம். சாகும்வரை கேலி செய்வாள். மாதாமாதம் தூசி தட்டும்போது அந்தக் கோட்டின் மேல் மட்டும் காலுறையைக் காட்டாமல், வாயால் மெல்ல ஊதிவிடுவார்.

போன ஆகஸ்டில் மரத்துக்குச் செடி பறிக்கப் போன எல்வுட் சாலையோரச் சரிவில் உருண்டு வலதுகாலை இரண்டு இடத்தில் முறித்துக்கொண்டார். உள்ளே இரும்புக் கம்பி, வெளியே மாவுக்கட்டு. அவர் மலைகளுக்குப் போட்ட அதே மாவுக்கட்டை ஆஸ்பத்திரியில் அவருக்கும் போட்டார்கள். துணியை இன்னும் கொஞ்சம் நனைத்திருந்தால் சுருக்கம் விழாது என்று அந்த நிலைமையிலும் நர்ஸுக்கு யோசனை சொன்னார். மூன்று மாதம் படி இறங்கக் கூடாது என்றார் டாக்டர். எத்தனை படி என்று கேட்டார் எல்வுட். ஒன்றுகூட என்றார் டாக்டர்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை சங்கம் ஊர்மக்களுக்கு நிலவறையைத் திறந்துவிடும். வருஷத்தில் அது ஒருநாள்தான் தலைவர் சிரிப்பார். அதற்கு முன்னால் மேசையைத் துப்புரவாக்கியாக வேண்டும். எல்வுட் கட்டிலில் படுத்தபடி, வாரம் எத்தனை பிங்கோ, எத்தனை குதி, எத்தனை பொடி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மற்ற ஐவரும் மாறிமாறி வந்து பார்த்தார்கள். வரும்போதெல்லாம் எதையாவது கொண்டுவந்தார்கள். முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கியது, உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டை, வெல்லப்பாகு வைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரம். நவம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு இந்த அன்பு திடீரென்று இரட்டிப்பானது. தலைவரே தம் கையால் சூப் காய்ச்சிக் கொண்டுவந்தார். எழுபத்தொரு வருஷத்தில் அவர் காய்ச்சிய முதல் சூப் என்பது ருசியில் தெரிந்தது. கட்டில் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து, வானிலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, வாசலில் நின்று "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சூப்புக்காகச் சொல்கிறார் என்று எல்வுட் நினைத்துக்கொண்டார்.

டார்லாவும் அந்த நாட்களில் மதியம் வீட்டுக்கு வரவில்லை. வேலை ஜாஸ்தி என்றாள்.

"அப்படி என்ன வேலை?"

"ஊருல இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்துல வந்து விழுந்திருக்காங்க. ஒவ்வொருத்தரா எடுத்து, கழுவி, துடைக்கணும்," என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்துக்கொண்டாள். பல் ஆஸ்பத்திரியில் என்ன சிரிப்பு என்று எல்வுட்டுக்கு விளங்கவில்லை.

நன்றித் திருநாளுக்கு நாலு நாள் முன்னால் ஸ்டஷ் வந்தார், முடிவெட்டிச் சவரமும் செய்துவிட. நாற்பது வருஷத் தொழில் அனுபவத்தில் கத்தி பிடித்த கை ஒருநாளும் தவறியதில்லை. வாய் தவறாத நாள் கிடையாது.

"ஊரு எப்படிப்பா இருக்கு?" என்றார் எல்வுட், சோப்பு நுரைக்குள்ளிருந்து.

"அதுக்கென்ன, நல்லா இருக்கு. அநேகமா எல்லாருமே கெடச்சுட்டாங்க."

கத்தி கழுத்தில் அப்படியே நின்றது.

"கெடச்சுட்டாங்கன்னா? எங்க போயிருந்தாங்க?"

"தலைய ஆட்டாத எல்வுட்டு. கத்தி கையில இருக்கு."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. நவம்பர் இரண்டாம் தேதி தலைவர் துப்புரவுப் பொறுப்பைத் தாமே ஏற்றார். முறை அவருக்குத் தெரியும். காலுறை மாட்ட வேண்டும் என்பதும் தெரியும். பிரம்மச்சாரி வீட்டில் காலுறைக்கு எங்கே போவது? கடைத்தெருவுக்கு இரண்டு தடவை போனார். பெண்கள் காலுறை மாட்டியிருந்த தட்டுப்பக்கம் போனதும் பழைய மாணவி ஒருத்தி "வணக்கம் சார்" என்றாள். முதல் தடவை ஷூ பாலிஷும், இரண்டாம் தடவை எலிப்பொறியும் வாங்கிக்கொண்டு திரும்பினார். கடைசியில், இயந்திரத்தின் வாயை ஓரடி உயரத்தில் பிடித்தால் தூசி மட்டும் வரும் என்று காகிதத்தில் வரைந்து கணக்குப் போட்டு நிரூபித்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. வியாழக்கிழமைகளின் பொடியோடு மூன்று மாத நிலவறை ஈரமும் சேர்ந்து பசையெல்லாம் இளகிப்போயிருந்தது என்பது அந்தக் கணக்கில் இல்லை. மாவட்டக் கோர்ட்டிலிருந்து செங்கல் சூளைவரைக்கும் பத்து நிமிஷத்தில் ஊரே காலி. கடைசியாகப் போனது போலீஸ்காரர் என்றார் ஸ்டஷ். கடமையில் நின்றபடியே போனாராம்.

"மெஷினோட தூசிப் பையைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்றார் எல்வுட்.

"போடுவமா? பிரிச்சு, சலிச்சு, எடுத்தாச்சு. ஒரு ஆளு ஒத்தாசைக்கு வந்தாங்க. உன் நோட்டை வெச்சு சரி பாத்தோம்."

எல்வுட் கன்னத்து நுரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கேட்க வேண்டியதைக் கேட்கவும் வேண்டும், கேட்டது தெரியவும் கூடாது.

"பிளாட்பாரத்துல... யாரும் குறையலியே?"

"பிளாட்பாரத்துல ஆறு பேரு. நோட்டுல பயணின்னு ஆறு. ஆறும் இருக்கு."

"ஆறு பேருதானா?"

"நீதானப்பா எழுதின? ஏழா இருந்தா ஏழுன்னு எழுதியிருப்ப."

"இல்ல, சும்மா கேட்டேன். கூடுதலா, கணக்குல இல்லாம, எதாவது..."

ஸ்டஷ் துண்டை எடுத்து எல்வுட்டின் முகத்தை, கண்ணையும் வாயையும் சேர்த்து, தேவைக்கு மேலேயே அழுத்தித் துடைத்தார். "கூடுதலா என்னத்த? தூசிதான்," என்றார்.

அன்றிலிருந்து எல்வுட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நோட்டில் இல்லாத ஆளை எவன் தேடுவான்? ஒரு விரல் நகத்தளவு பச்சை. தூசிக்குள் அது ஒரு பாசித்துணுக்கு. அள்ளிக் கொட்டியிருப்பார்கள். இன்னொன்று செய்துகொள்ளலாமே என்று மனசில் ஒரு குரல் சொன்னது. பொம்மையும் இருக்கிறது, பெயிண்டும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தக் கடுகு நிறம் எப்படி அமைந்தது என்று அவருக்கே தெரியாது. பத்தொன்பது வருஷம் ஊதி ஊதிப் பார்த்த முகம் வேறு. அதற்கு முகமே ஒரு புள்ளிதான் என்பது தனி விஷயம்.

நன்றித் திருநாள் வந்தது. டார்லாவின் அக்காள் வீட்டார் வந்திருந்தார்கள். வான்கோழியை அறுக்கும் முன் மேசையைச் சுற்றி ஆளுக்கொரு நன்றி சொல்வது வழக்கம். அக்காள் பேரப்பிள்ளைக்கு நன்றி சொன்னாள். அவள் புருஷன் லாரிக்கு நன்றி சொன்னார். எல்வுட் யோசித்துவிட்டுக் காலில் இருக்கிற இரும்புக் கம்பிக்கு நன்றி என்றார்.

"நீ?" என்றாள் அக்காள்.

"நான் நாளைக்குச் சொல்றேன்," என்றாள் டார்லா. "இன்னும் காயல."

எது காயவில்லை என்று யாரும் கேட்கவில்லை. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கதவு திறக்க ஒருமணி நேரம் முன்பாகவே எல்வுட் போய்விட்டார். டாக்டர் கைத்தடிக்கு அனுமதி கொடுத்திருந்தார். படிக்கு இன்னும் கொடுக்கவில்லை. ஆகவே படியில் நிற்கக் கூடாதே தவிர உட்காரலாம் என்று சட்டத்தை வியாக்கியானம் செய்து, பதினான்கு படிகளையும் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினார். கீழே ஐவரும் இஸ்திரி போட்ட சட்டையில் வரிசையாக நின்றார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கைக்குக் காத்திருப்பவர்களின் முகம்.

எல்வுட் மேசையைப் பார்த்தார். தூசி ஒரு துளி இல்லை. தண்டவாளம் பளிச்சென்று இருந்தது. ஆல்கஹாலால் துடைத்திருக்கிறார்கள், வளைவுகளில்கூட. சாய்ந்த மரங்களை நிமிர்த்தியிருந்தார்கள். ஆற்றங்கரையில் உதிர்ந்திருந்த மண்ணைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். அவர் ஒரு சிட்டிகை எடுத்துக் காந்தத்தைக் காட்டினார். ஒன்றும் ஒட்டவில்லை. காந்தமும் ஓட்டியிருக்கிறார்கள். ஒருநாளும் பிரஷ் பிடித்திராத ஐந்து பேர், அவர் கத்திக் கத்திச் சொன்னபோதெல்லாம் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்த ஐந்து பேர், காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எல்வுட்டுக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு குடிமக்களைப் பார்த்தார். அடைத்த தொண்டை தானாகவே திறந்துகொண்டது.

நோட்டில் தொழில் எழுதியிருந்தார். நிற்கும் இடம் எழுதவில்லை. இடமெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஆகவே தலைவர் ஒவ்வொருவரையும் தர்க்கரீதியாகக் குடியமர்த்தியிருந்தார். லூத்தரன் பாதிரியார் பீர்க்கடை வாசலில் இரண்டு கையையும் விரித்து, உள்ளே போவோரை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். மணப்பெண் முடிதிருத்தும் கடை வரிசையில் மூன்றாவதாக நின்றாள். தூண்டில்காரர் வங்கிக் கூரையின்மேல் உட்கார்ந்து கடைத்தெருவுக்குள் தூண்டில் விட்டிருந்தார். போலீஸ்காரர் ஏணியில் ஏறி, விதவை ஒருத்தியின் மாடி ஜன்னலில் விசாரணை நடத்தினார். காணாமல் போனவர் ஒருவரே, வங்கி மேலாளர். ஊரில் யாரும் புகார் கொடுக்கவில்லை.

எல்வுட்டின் கண் ரயில் மேடைக்குப் போனது. ஆறு பேர். கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பசை இருந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம், பளபளவென்று.

அவர் கைத்தடியை ஊன்றி நின்றார். இத்தனை வேலைக்கும் நன்றி, பிரமாதம், எல்லோருக்கும் நன்றி என்று அவர் வாய் சொன்னது. அதை மனசாரத்தான் சொன்னார். ஆனால் பார்வை அந்த வட்டத்தைவிட்டு நகரவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"எல்வுட், மக்கள்தொகைக் கணக்குல ஒரு தப்பு. நோட்டுல இருநூத்திப் பதினொண்ணு. மேலாளர் போக, இருநூத்திப் பத்து இருக்கணும். பையில இருநூத்திப் பதினொண்ணு இருந்துச்சு."

எல்வுட் கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"பச்சைக் கோட்டு. வெள்ளை ஷூ. அந்த மாதிரி ஷூ ஐம்பத்து மூணுல கிடையாது. பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன்."

"தலைவரே, அது..."

"குறுக்க பேசக் கூடாது. அவசரக் கூட்டம் போட்டோம். தீர்மானம் படிக்கிறேன்." தலைவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். "மேற்படி பெண்மணியின் காலில் வெள்ளையாகத் தெரிவது பிங்கோப் பொடி என்று இந்தச் சங்கம் ஏகமனதாக முடிவு செய்கிறது. பொடியைத் துடைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை." காகிதத்தை நாலாக மடித்தார்.  "நான் பண்ணினதுக்கு இதுதான் என்னால முடிஞ்சது, எல்வுட்."

"அவ எங்க?" என்றார் எல்வுட்.

"மேல பாரு, மலையில," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

டார்லா படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு. ஒரு கையில் பேக்கரிப் பெட்டி.

எல்வுட் மலையைப் பார்த்தார். மேட்டுத்தெரு தாண்டி, சாலை வளைந்து ஏறும் இடத்தில், இரண்டு பசு மேயும் வெளிக்கு முன்னால், தபால்காரரின் கார் நின்றது. மீசைக்காரர் கதவைத் திறந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடித்தாற்போல, பச்சைக் கோட்டு. கொஞ்சம் சாய்ந்து நின்றது. கடுகு நிறக் காலரில் ஒரு கீறல்கூட இல்லை.

"பையைத் தூக்கிட்டு என் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு உன் தலைவரு," என்றாள் டார்லா. "பாக்க அழுகைதான் வந்துது, பாவம். பெரிய லைட்டு, பூதக்கண்ணாடி, பல்லு நோண்டுற ஊசி எல்லாம் என்கிட்டதான இருக்கு. பத்து நாள் மதியச் சாப்பாடு தட்டுல தூசியோடதான். அஞ்சாம் நாள் ஒருத்தியைக் கழுவிட்டுப் பாக்கிறேன், எங்கம்மா தெச்ச காலரு."

ஸ்டஷ் கூரையை ஆராய்ந்தார். மற்ற மூவரும் ரயிலைப் பரிசோதித்தார்கள்.

"நான் சொல்லணும்னுதான்..." என்று எல்வுட் தொடங்கினார்.

"பத்தொம்பது வருஷம்," என்றாள் அவள். "பத்தொம்பது வருஷமா என்னை ஒரு பெஞ்சு பக்கத்துல நிக்க வெச்சிருக்கியே, உக்கார வெக்கணும்னு தோணிச்சா உனக்கு? ரயிலு அத்தனை தடவை வந்து போகுது, ஒண்ணுலயாவது ஏத்தி விட்டியா?"

"ரயில்ல ஏறிட்டா போயிடுவியே."

  

எல்வுட் குனிந்து, பழக்க தோஷத்தில் அந்தக் கோட்டின் மேல் வாயால் மெல்ல ஊதினார். சாய்ந்திருந்தவளை நிமிர்த்தலாமா என்று இடுக்கியின் நுனியால் தொட்டார். அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினார். மலை ஆடியது, அவள் ஆடவில்லை.

"உன் பசையில நின்னதுதான் போதுமே," என்றாள் டார்லா. "பல்லுக்கு வெக்கிற சிமெண்டு. பதினஞ்சு வருஷத்துக்கு எந்த வேக்குவமும் ஒண்ணும் பண்ண முடியாது. நேத்துதான் காஞ்சுது." பேக்கரிப் பெட்டியை அவர் கையில் கொடுத்தாள். "இப்ப சொல்றேன். நன்றி."

 எல்வுட் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, பாதிரியார், மணப்பெண், தூண்டில்காரர், ஏணியில் போலீஸ்காரர் என்று தம் மக்களை ஒரு சுற்றுப் பார்த்தார். இடம் மாற்றி வைக்கட்டுமா என்று தலைவர் தணிந்த குரலில் கேட்டார். தேவையில்லை, எல்லோரும் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறார்கள் என்றார் எல்வுட்.

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஊர் படியிறங்கத் தொடங்கியது. டார்லா கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தலைவர் கையில் திணித்தாள். புது நைலான் காலுறை, ஆறு ஜோடி. வாழ்க்கையில் முதன்முறையாக அதைப் பகிரங்கமாகக் கையில் பிடித்திருந்த தலைவர், வந்தவர்களை வரவேற்கக் கைகொடுக்கப் போய், எதை எந்தக் கையில் மாற்றுவது என்று தெரியாமல், வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.